அறிந்தவரிடம் கேட்பது ஏன்?

மலைப்பொழிவு என வழங்கும் இயேசுவின் போதனையிலே, ஒன்றோடொன்று இசையாதன போலத் தோன்றும் இரு கருத்துக்கள் மிகக் குறுகிய இடைவெளியில் அமைந்துள்ளன. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலே, செபிக்கும்பொழுது வார்த்தைகளை வீணே பெருக்க வேண்டியதில்லை, மனிதனுக்கு வேண்டியது யாதென்பதை அவன் வாய் திறக்கு முன்னரே கடவுள் அறிவார் என்று போதிக்கப்படுகின்றது. அடுத்த அதிகாரத்திலோ, கேட்கும்படியும் தேடும்படியும் கதவைத் தட்டும்படியும் அதே போதகர் தம் சீடரைத் தூண்டுகின்றார். முன்னரே அறிந்தவரிடம் எதற்காகக் கேட்பது? அவர் நல்லவரெனின் கேளாமலே தருவார்; தருவது நன்றன்றெனின் கேட்டாலும் தரமாட்டார். இரு நிலைகளிலும் கேட்டல் என்னும் செயல் மிகையாகின்றது. மெய்யியல் வகுப்பிலே முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் எளிதில் எழுப்பக்கூடிய இவ்வினாவுக்குக் கிறித்தவச் சிந்தனையாளர் ஏறக்குறைய பதினெட்டு நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர்.

இவ்வினாவோடு இன்னொன்றும் பிணைந்துள்ளது. செபம் பயன் தருவதற்கு விசுவாசம் வேண்டும் என்பது கிறித்தவர் யாவரும் ஒப்புவது. நோயாளிக்கு நலம் அளிப்பது விசுவாசத்தோடு கூடிய செபமே என யாக்கோபின் திருமுகமும் கருதுகின்றது. ஆனால் விசுவாசம் முழுமையாக உள்ளவன் கவலையின்றி இருப்பானன்றோ? அவன் மன்றாட வேண்டிய தேவை யாது? விசுவாசம் குறைந்தவனோ செபிக்கும் தகுதியற்றவனாகின்றான். ஆகவே செபிக்க வல்லவனுக்குச் செபம் தேவையில்லை, தேவையுள்ளவனுக்கு அது இயலாது என்ற விந்தையான முடிவுக்கு வந்து சேருகின்றோம். இது வெறும் தருக்க விளையாட்டன்று. நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே முழந்தாளிட்டிருக்கும் தாயொருத்தியைப் பொறுத்தவரை இதனிலும் கூரிய வினா வேறில்லை. அப்பிள்ளை இறந்துபடுமாயின், “உன் விசுவாசம் போதவில்லை” என்று அவளிடம் கூறுவதற்கு அயலிலே யாரேனும் ஒருவர் இருக்கவே செய்வார். அவ்வாறு கூறுதல் நியாயமானதா என்பதே இக்கட்டுரையின் உள்ளீடான பிரச்சினை.

முதற்கண் சொற்களைச் சிறிது நோக்குதல் நன்று. ‘விசுவாசம்’ என்னும் வடசொல், ஏதோவொரு செய்தியை உண்மையென ஏற்றுக்கொள்ளுதலை மட்டும் குறிப்பதன்று. எசமானிடம் ஊழியன் கொள்ளும் பற்றுதலையும், ஏன், வீட்டு வாயிலிற் கிடக்கும் நாயின் நன்றியுணர்வையும்கூட நாம் அச்சொல்லாலேயே குறிக்கின்றோம். ஒரு கூற்றின் மீது கொள்ளும் நம்பிக்கைக்கும் ஓர் ஆளின் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை மேலைத்தேய மெய்யியலாளர் பல பக்கங்களில் விளக்க, எமது பேச்சுவழக்கு அதனை ஒரு சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது. கத்தோலிக்கர் ‘செபம்’ எனவும் புரட்டஸ்தாந்தர் ‘ஜெபம்’ எனவும் வழங்குவது மந்திரத்தை உருவேற்றும் ‘ஜபம்’ என்பதன் வழிவந்த சொல்லாகும். அதைக் காட்டிலும் இங்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ‘மன்றாட்டு’ என்பதே. மன்றிலே நின்று வழக்காடுதல் என்னும் பொருள் அதிலே அடங்கியுள்ளது. மந்திரம் உருவேற்றுபவனுக்குக் கேட்போர் இன்றியமையாதவரல்லர். மன்றாடுபவனுக்கோ நீதி வழங்குபவர் ஒருவர் எதிரே இருந்தாக வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் உவமை இப்பொருளுக்கு உயிர் கொடுக்கின்றது. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதி ஒருவனிடம் கைம்பெண் ஒருத்தி இடையறாது வந்து நியாயம் கேட்கின்றாள். அவனோ நெடுநாள் அசையவில்லை. ஈற்றில், இவள் ஓயாது வந்து தன்னை வருத்துவாளே என்ற எரிச்சலினால் அவளுக்கு நியாயம் வழங்குகின்றான். வருத்துதல் எனப் பொதுவாகப் பெயர்க்கப்படும் கிரேக்க வினைச்சொல், கண்ணின் கீழே குத்துதல் என்னும் பொருளை அடியாகக் கொண்ட மற்போர்க்களச் சொல் என்பது சுவையானது. நாதியற்ற கைம்பெண்ணொருத்தி நீதிபதியின் முகத்திலே குத்துவது போன்ற இச்சித்திரத்தைச் செபத்துக்கு உவமையாக்கத் துணிந்தவர் செபத்தைப் பணிவான முணுமுணுப்பாகக் கருதியிருக்க முடியாது. நெறிகெட்ட நீதிபதியே இரங்குவானாயின் நீதியுள்ள கடவுள் எவ்வளவு விரைந்து இரங்குவார் என்பதே உவமையின் முடிபு எனப் பலர் அத்தோடு நிறுத்திக்கொள்வர். ஆயின் கதை அங்கு முடிவதில்லை. மானிட மகன் மீண்டும் வரும்போது உலகிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்ற வினாவொன்று அதன் இறுதியில் தொங்கி நிற்கின்றது. செபத்தைப் பற்றிய கதை விசுவாசத்தைப் பற்றிய ஐயத்தோடு முடிவதேன்? அக்கைம்பெண்ணின் விசுவாசம் அவள் உள்ளத்திலே முன்கூட்டிச் சேமித்து வைக்கப்பட்ட பொருளன்று. அவள் மறுநாளும் நீதிமன்றத்துக்கு நடந்து வந்தாளே, அந்த நடையே அவளது விசுவாசம். இவ்வாறு கொள்ளின் அவ்வினா ஏன் அங்கு நிற்கின்றது என்பது விளங்கும்.

இனிச் சிந்தனையாளரிடம் செல்வோம். மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிஜன், செபம் பற்றித் தாம் எழுதிய நூலிலே மேற்கண்ட ஆட்சேபத்தை எதிரிகளைக் காட்டிலும் வலுவாக எடுத்துரைக்கின்றார். நாளை சூரியன் உதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உதித்த பின்னர் தன் வேண்டுதல் பலித்ததென மகிழ்பவன் பேதையல்லவா என்று வினவுகின்றார். அவரது விடையின் சாரம், கடவுளின் முன்னறிவு மனிதனது சுயாதீனமான செயல்களை அழிப்பதன்று, அவற்றையும் உள்ளடக்கியது என்பதாகும். இன்ன மனிதன் இன்ன வேளையில் செபிப்பான் என்பதும் அந்த அறிவின் ஒரு பகுதியே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இதனைக் காரண காரிய முறையிலே செப்பம் செய்தார். கடவுளின் தீர்மானத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை. செபத்தின் வாயிலாகவே நிகழுமாறு அவர் தீர்மானித்தவற்றைப் பெறும்பொருட்டுச் செபிக்கின்றோம் என்பது அவர் கொள்கை. கடவுளின் ஏற்பாடு மாறாதது, ஆகவே செபிக்க வேண்டாம் என்பவன், ஓரிடத்தை அடைவதற்கு நடக்க வேண்டாம் என்றும் உடல் வளர்வதற்கு உண்ண வேண்டாம் என்றும் கூற வேண்டியவனாவான் என்று வேறோரிடத்தில் அவர் எள்ளி நகையாடுகின்றார்.

இவ்விடை நுட்பமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அது என் மனத்தை முற்றாக நிறைவு செய்யவில்லை. நடத்தலுக்கும் சென்றடைதலுக்கும் இடையிலே நாம் கண்ணாற் காணக்கூடிய தொடர்பு உண்டு. வேண்டுதலுக்கும் பெறுதலுக்கும் இடையிலே அத்தகைய தொடர்பை ஏன் கடவுள் ஏற்படுத்த வேண்டும்? இவ்வினாவுக்கு அக்குவைனஸை விட எட்டு நூற்றாண்டுகள் முற்பட்ட அகுஸ்தீனாரே நெருங்கி வருகின்றார் எனலாம். உரோமாபுரி 410இல் கொள்ளையிடப்பட்டபோது ஆபிரிக்காவுக்குப் புகலிடம் தேடி வந்த புரோபா என்னும் செல்வக் குடும்பத்துக் கைம்பெண்ணுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதமொன்று உண்டு. எமது விருப்பத்தைக் கடவுள் அறிந்துகொள்வதற்காக அன்று, அவர் தரவிருப்பதை ஏற்குமளவுக்கு எமது விருப்பமே விரிவடைவதற்காகவே கேட்கும்படி பணிக்கப்பட்டுள்ளோம் என்ற கருத்தினை அதிலே அவர் விளக்குகின்றார். கொடை பெரிது, பெறும் பாத்திரம் சிறிது, கேட்டுக்கேட்டே பாத்திரம் அகலுகின்றது. நாடிழந்து வந்த ஒருத்திக்கு இது எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டால் இது வெறும் ஆறுதல் மொழியாகவே தோன்றும். இழந்தவற்றைத் திருப்பித் தரும்படி கேள் என்று அவர் எழுதவில்லை. கேட்காதே என்றும் எழுதவில்லை.

அவ்வாறாயின் செபம் மாற்றுவது செபிப்பவனை மட்டுந்தானா? நவீன காலத்தவர் பலர் இம்முடிவை விரும்பி ஏற்றுள்ளனர். 1793இல் வெளிவந்த சமயம் பற்றிய தமது நூலிலே கான்ற், கடவுளின் அருளைப் பெறும் கருவியாகச் செபத்தைக் கருதுதல் மூடநம்பிக்கை சார்ந்த மயக்கமே என்றார். நமது செயல்கள் யாவற்றிலும் கடவுளுக்கு உகந்தவராக வாழவேண்டும் என்ற உள்ளார்ந்த நாட்டமே அவருக்குச் செபத்தின் ஆவியாகும். சொற்கள் அந்நாட்டத்தைத் தூண்டுவதற்கான துணைக்கருவிகள் மாத்திரமே. இக்கருத்துக் கற்றோர் காதுக்கு இனிமையானது. விஞ்ஞானத்தோடும் இது மோதுவதில்லை. ஆயினும் இதிலே ஓர் உட்குறை உண்டு. என் மனத்தை நானே அமைதிப்படுத்துவதற்காகவே செபிக்கின்றேன் என்பதைத் தெளிவாக உணர்ந்தவன், உண்மையிலே செபிக்க இயலாதவனாகின்றான். எவரோ கேட்கின்றார் என்ற எண்ணத்திலிருந்தே அந்த அமைதி பிறந்தது. அவ்வெண்ணத்தை அகற்றிவிட்டு அமைதியை மட்டும் வைத்துக்கொள்ள முயல்வது, வெளியூரிலுள்ள அன்னைக்குக் கடிதம் எழுதுவதாகப் பாவனை செய்து கையெழுத்துப் பயிற்சி செய்வதற்கு ஒப்பாகும். கையெழுத்துத் திருந்தலாம், கடிதம் எழுதப்பட்டதாகாது.

மறுபுறத்தே, செபத்தின் விளைவை அளந்து பார்க்கப் புறப்பட்டவர்களும் உளர். பிரான்சிஸ் கோல்ற்றன் 1872இல் எழுதிய கட்டுரையொன்றிலே, இங்கிலாந்தின் ஆலயங்கள் தோறும் வாரந்தோறும் அரச குடும்பத்தினரின் நீடிய ஆயுளுக்காகச் செபிக்கப்பட்டும், வசதி படைத்தோருள் அவர்களே குறைந்த ஆயுளுடையோராய் இருந்தனர் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர்தம் சராசரி ஆயுள் ஏறக்குறைய 64 ஆண்டுகள். மதகுருமாருடையது ஏறக்குறைய 69 ஆண்டுகள். (குருமார் தமக்காகவே கூடுதலாகச் செபித்துக்கொண்டனர் போலும்!) அண்மைக் காலத்திலே, 2006இல், அமெரிக்காவில் இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1802 நோயாளரை மூன்று பிரிவினராக வகுத்துச் செய்யப்பட்ட ஆய்வின் முடிபுகள் வெளியாயின. பிறர் தமக்காகச் செபிப்பார்களோ இல்லையோ என்று அறியாதிருந்த இரு பிரிவினருள், செபிக்கப்பட்டோரில் 52 வீதத்தினருக்கும் செபிக்கப்படாதோரில் 51 வீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. தமக்காகச் செபிக்கப்படுவதை உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் பிரிவினரிலோ 59 வீதத்தினர் சிக்கலுக்கு உள்ளாயினர்.

இவ்வாய்வுகளைக் கண்டு விசுவாசிகள் அஞ்சவும் வேண்டியதில்லை, கடவுளைச் சோதிக்கலாகாது என்று கூறி அவற்றைத் தட்டிக் கழிக்கவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அவை ஒரு கருத்தைத் தெளிவாகத் தகர்க்கின்றன. இவ்வளவு செபம் இட்டால் இவ்வளவு பலன் வெளிவரும் என்ற இயந்திரக் கருத்தே அது. அக்கருத்துத் தகர்ந்ததால் கிறித்தவம் இழந்தது ஒன்றுமில்லை. பிளேற்றோவின் ‘யூதைப்ரோ’ உரையாடலிலே, தெய்வபக்தி என்பது தேவருக்கும் மனிதருக்கும் இடையே நடக்கும் ஒருவகை வாணிபமோ என்று சோக்கிரதீசர் கிண்டலாக வினவுவார். எம்மிடையே நேர்த்தி வைக்கும் வழக்கம் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பொதுவானது. நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கின்றது. மடுத் திருப்பதிக்கு நடந்து சென்று மெழுகுதிரி ஏற்றும் ஏழையின் அன்பை வாணிபம் என்று இழித்துரைக்க எனக்கு உடன்பாடில்லை. கையில் எதுவுமில்லாதவன் வெறுங்கையோடு வர நாணி எதையோ ஏந்தி வருகின்றான், அவ்வளவே. வாணிபத்தின் கொடிய வடிவத்தை வேறோரிடத்தில் தேட வேண்டும். விசுவாசத்தையே விலையாக்கி, பலன் கிட்டாதவிடத்து விலை போதவில்லை எனக் கணக்கு முடிக்கும் போதனையே அது. மெழுகுதிரியைக் கொடுத்தவனுக்குத் தான் கொடுத்தது எவ்வளவு என்றாவது தெரியும். விசுவாசத்தைக் கொடுக்க வேண்டியவளுக்கோ எவ்வளவு கொடுத்தால் போதும் என்பது ஒருபோதும் தெரியாது. பிள்ளையை இழந்தவள் அத்துயரோடு குற்றவுணர்வையும் சுமக்க நேருகின்றது.

இப்போதனைக்கு மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரமே தகுந்த மறுப்பாகும். வலிப்புற்று நெருப்பிலும் நீரிலும் விழும் தன் மகனைத் தந்தையொருவன் சீடரிடம் கொண்டுவர, அவர்களால் இயலாது போகின்றது. பின்னர் இயேசுவிடம் வந்தவன், உம்மால் ஏதேனும் இயலுமாயின் உதவும் என்று தயக்கத்தோடு கேட்கின்றான். விசுவாசிப்பவனுக்கு எல்லாம் இயலும் என்ற கருத்துப்பட விடை வருகின்றது. வாணிபக் கணக்கின்படி இவ்விடத்திலே அவன் தன் விசுவாசம் முழுமையானது என்று சாதித்திருக்க வேண்டும். அவனோ தான் விசுவாசிப்பதாகவும் தன் அவிசுவாசத்துக்கு உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கதறுகின்றான். பிள்ளை நலமடைகின்றான். கதையின் முடிவில், எம்மால் ஏன் இயலவில்லை என்று சீடர் தனியே கேட்க, செபத்தினாலன்றி இது ஆகாது என்ற பதில் கிடைக்கின்றது. ஆனால் அந்நிகழ்ச்சி முழுவதிலும் செபித்தவர் யார்? இயேசு செபித்ததாக மாற்கு குறிப்பிடவில்லை. சீடர் செபித்ததாகவும் இல்லை. செபம் என்று கொள்ளத்தக்கது ஒன்றே அங்கு உண்டு. அது தன் விசுவாசக் குறைவை எடுத்துக்கூறிய அத்தந்தையின் கதறல். விசுவாசம் நிறைந்த பின்னர் செபம் தொடங்குவதில்லை. விசுவாசத்தின் குறையே செபத்தின் பொருளாகவும் அமையக்கூடும். செபிக்க வல்லவனுக்குச் செபம் தேவையில்லை என்று தொடக்கத்திலே கண்ட இக்கட்டு இங்கு அவிழ்ந்துவிடுகின்றது. ஏனெனில் விசுவாசத்தை அளக்கத்தக்க ஒரு கொள்ளளவாக எண்ணியதனாலேயே அவ்விக்கட்டுத் தோன்றிற்று. கல்வின் தமது பெருநூலிலே செபத்தை விசுவாசத்தின் தலையாய பயிற்சி என்று அழைத்தமையும் இங்கு நினைவு கூரத்தக்கது. பயிற்சி வலிமையின் பின்னர் வருவதன்று. பயிற்சியினாலேயே வலிமை வருகின்றது.

ஆயினும் மாற்குவின் கதையிலே பிள்ளை பிழைத்தான். பிழைக்காத கதைகளே எம்மை வருத்துவன. கெத்சமனித் தோட்டத்திலே இயேசு மும்முறை வேண்டினார். தம்மிடமிருந்து அக்கிண்ணம் அகல வேண்டும் என்பது அவரது வேண்டுதல். அது அகலவில்லை. தம் உடலிலுள்ள முள்ளை அகற்றும்படி பவுல் மும்முறை வேண்டினார், அதுவும் அகலவில்லை. விசுவாசம் போதாமையே மறுப்புக்குக் காரணம் எனக் கூறுவோர் இக்குற்றச்சாட்டை முதலிலே கெத்சமனியில் முழந்தாளிட்டவர் மீது சுமத்திவிட்டுப் பின்னரே எமது தாய்மாரிடம் வரவேண்டும். அது அவர்களால் இயலாது. எனவே அக்கொள்கை கிறித்தவக் கொள்கையாக நிற்க இயலாது. இவ்வொரு முடிபை மட்டும் நான் தயக்கமின்றிக் கூறுவேன்.

கெத்சமனிச் செபத்தின் இரண்டாம் பாதி, தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புவிப்பது, எல்லோரும் அறிந்ததே. மறையுரைகளில் அப்பாதியே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. முதற்பாதி இல்லாவிடின் இரண்டாம் பாதி வெறும் ஊழ்வலிக் கொள்கையாகிவிடும் என்பதைச் சொல்வோர் சிலரே. விருப்பத்தை வெளியிடாது அடங்குபவன் ஒப்புவிப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஆசிரியர், கதறலோடும் கண்ணீரோடும் அவர் செய்த அம்மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்று துணிந்து எழுதுகின்றார். சிலுவையில் இறந்த ஒருவரின் மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்றால், ‘கேட்கப்படுதல்’ என்ற சொல்லின் பொருள்தான் யாது?

எமது நாட்டு வரலாற்றிலே இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்கார வேடத்திலே யாழ்ப்பாணம் வந்தடைந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றனென ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். அதன் பின்னர் கண்டியிலே கடும் வரட்சி நிலவியபொழுது மன்னன் வேண்டியதற்கிணங்க அவர் திறந்தவெளியிலே சிலுவையை நாட்டிச் செபித்ததாகவும், மழை பொழிந்ததாகவும் மரபு கூறும். மன்னனின் ஆதரவு அவருக்குக் கிடைத்தமைக்கு இதுவே காரணம் என்பர். சில காலத்தின் பின், 1697இல், கண்டியிலே பெரியம்மை பரவிற்று. நோயாளரை உறவினரும் கைவிட்டு அகன்ற வேளையில் அடிகளாரும் அவரது மருமகனான இளங்குரு ஒருவரும் அவர்களைத் தேடிச் சென்று புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். மழைக்காகச் செபித்த அதே மனிதர் அம்மை நோய்க்காகவும் செபித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. மழை வந்தது, அம்மையோ செபித்த உடன் அகன்றுவிடவில்லை, பலர் மாண்டனர். அடிகளாரின் விசுவாசம் ஓராண்டிலே நிறைந்தும் மற்றோராண்டிலே குறைந்தும் இருந்தது என்று எவரும் கூறார். மழையைப் பற்றிய மரபினை வரலாற்றாசிரியர் ஏற்கலாம், விடலாம். எனக்கோ அம்மை நோயாளரின் குடிசைகளே செபத்தைப் பற்றி மிகுதியாகக் கற்பிக்கின்றன. அங்கு செபம் கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கவில்லை. 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் இவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது, வழமையாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதம் கோரப்படவில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது.

2019ஆம் ஆண்டு சித்திரை 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தபோது அங்கிருந்தோர் செபத்துக்காகவே கூடியிருந்தனர். மட்டக்களப்பிலே இறந்தோருள் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். விடுதிகளிலும் பிற இடங்களிலும் மாண்டோரையும் சேர்த்து அன்று உயிரிழந்தோர் 250க்கும் அதிகமானோர். செபத்தின் நடுவே நேர்ந்த இச்சாவு பற்றி மெய்யியல் என்ன கூறும்? அகுஸ்தீனாரின் விரிவடையும் பாத்திரம், அக்குவைனஸின் காரண ஒழுங்கு ஆகிய யாவும் இவ்விடத்தே குரல் தாழ்ந்துவிடுகின்றன. தாழ வேண்டியதும் முறையே.

இங்குதான் அன்ரனி ஃபுளூவின் ஆட்சேபம் தன் முழு வலிமையோடும் எழுகின்றது. 1950இல் அவர் எழுதிய குறுங்கட்டுரையொன்றிலே, தொண்டைப் புற்றுநோயால் மாளும் குழந்தையை எடுத்துக்காட்டி, மண்ணுலகத் தந்தை பதறியோட விண்ணுலகத் தந்தை அக்கறையின்றி இருப்பது போலன்றோ தோன்றுகின்றது என்றார். கடவுளின் அன்பு மனித அன்பு போன்றதன்று, எமது அறிவுக்கு எட்டாதது என்று விசுவாசிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகளைச் சேர்த்துச் செல்கின்றனர். எது நிகழ்ந்தாலும் பொய்க்காத கூற்று எதையும் கூறாத கூற்றாகும் என்பது அவரது வாதம். செபம் கேட்கப்பட்டது என்பதற்கும் கேட்கப்படவில்லை என்பதற்கும் வேறுபாடே இல்லையெனின், செபம் கேட்கப்படும் என்ற விசுவாசத்தின் உள்ளடக்கம் யாது?

விற்கன்ஸ்ரைனின் வழிவந்த டீ. இஸட். பிலிப்ஸ் போன்றோர், செபம் விளைவு பற்றிய எதிர்வுகூறலே அன்று, நேர்வது எதுவாயினும் அதனைக் கடவுளின் முன்னிலையில் ஏற்று வாழும் முறைமையே அது என்று கூறி இவ்வாட்சேபத்தைத் தவிர்த்துக்கொள்வர். இவ்வாறு தவிர்ப்பதால் கைம்பெண்ணின் வழக்கே தள்ளுபடியாகிவிடுகின்றது என்று நினைக்கின்றேன். அவள் நியாயத்தைக் கேட்டாள். நியாயமின்றி வாழும் முறைமையை அவள் கேட்கவில்லை. ஃபுளூவுக்கு மறுமொழி கூறிய பசில் மிச்செலின் கதை எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. அந்நியரால் கைப்பற்றப்பட்ட நாடொன்றிலே எதிர்ப்பியக்க உறுப்பினன் ஒருவன் ஓரிரவு அந்நியன் ஒருவனைச் சந்திக்கின்றான். இரவு முழுதும் உரையாடிய பின், தானும் இயக்கத்தின் பக்கமே, உண்மையிலே அதன் தலைவனே தான், என்ன நேர்ந்தாலும் தன்னை நம்பவேண்டும் என்று அவன் கூறுகின்றான். பின்னர் சில வேளைகளில் அவன் இயக்கத்தாருக்கு உதவுவதாகவும், சில வேளைகளில் எதிரியின் சீருடை அணிந்து அவர்களையே ஒப்படைப்பதாகவும் காணப்படுகின்றான். நம்பியவனோ, அவன் எம்மவனே என்கின்றான். இங்கு எதிர்ச்சான்று சான்றாகவே ஏற்கப்படுகின்றது. அது அவனை வருத்துகின்றது. ஆயினும் அது இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்படுவதில்லை. ஃபுளூவின் வாதத்துக்கு இது உண்மையான மறுமொழி. ஏனெனில் விசுவாசம் ஓர் ஆளின் மீதானது என்பதை இது மறக்கவில்லை. எந்த எல்லைவரை இவ்வாறு நம்புதல் தகும், எப்பொழுது அது மடமையாகும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க இயலாது என்பதையும் மிச்செல் ஒப்புக்கொள்கின்றார். அவ்வெல்லையை யானும் அறியேன். அதனை அறிந்ததாகக் கூறுவோரை, அவர் ஆலயத்தைச் சார்ந்தவராயினும் பகுத்தறிவாளராயினும், நம்புவது எனக்குக் கடினமாக உள்ளது.

மிச்செலின் கதையிலே ஒன்று மட்டும் விடுபட்டுள்ளது. சந்திப்பு நிகழ்ந்தது ஓரிரவு மாத்திரமே. அதன் பின்னர் நம்பியவனும் அந்நியனும் அவ்வாறு நெருக்கமாகச் சந்திப்பதேயில்லை. கிறித்தவனின் நிலை அதுவன்று. எதிரியின் சீருடையில் அவரைக் கண்ட அன்றிரவே அவரிடம் சென்று, ஏன் இவ்வாறு செய்தீர் என்று வினவும் உரிமை அவனுக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துவதே செபம். பேசாது நம்பும் நம்பிக்கை காலப்போக்கிலே பழைய நினைவாக உறைந்துவிடும். நம்பாது பேசும் பேச்சோ மந்திரமாகிவிடும். வழக்காடுபவன் நீதிமன்றத்தை இன்னமும் ஏற்றுக்கொண்டவன் ஆவான். நீதிபதி இல்லை என்று உறுதிகொண்டவன் மன்றுக்கு வருவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவான்.

பரீட்சைக் காலத்திலே விடுதி அறைகளில் திடீரெனப் பெருகும் செபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். அதனை நகைப்பது எளிது. பிரெஞ்சு மெய்யியலாளரான சிமோன் வேய் 1942இல் மாணவரின் கல்வியையும் செபத்தையும் இணைத்து எழுதிய கட்டுரையிலே, செபத்தின் உயிர் கவனமே என்றும், விடை காணப்படாத கேத்திரகணிதக் கணக்கொன்றில் செலுத்திய உண்மையான கவனங்கூட வீணாவதில்லை என்றும் கூறுகின்றார். அவர் கருத்துப்படி பரீட்சைக்காகச் செபிப்பதிலும் பாடத்தைக் கவனத்தோடு படிப்பதே செபத்துக்கு அண்மையானது. கடவுளை நோக்கிக் காத்திருத்தலை இவ்வளவு ஆழமாக ஆராய்ந்த அவர் திருச்சபையின் வாசலிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டவர். செபிப்பதற்கு விசுவாசம் முழுமையுற்றிருக்க வேண்டும் என்பார் அவரது வாழ்க்கையையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மன்று என்னும் உவமையை இறுதிவரை கொண்டு சென்றால், தீர்ப்பு வழங்கப்படாத வழக்குகளை என் செய்வது என்ற வினா எஞ்சுகின்றது. எபிரேய மக்களின் சங்கீத நூலில் உள்ள 150 பாடல்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பற் பாடல்கள். அவற்றுட் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி, இடையிலே எங்கோ திரும்பி, நன்றியிலோ புகழ்ச்சியிலோ முடிவன. எண்பத்தெட்டாம் சங்கீதம் மட்டும் திரும்புவதில்லை. பாடியவன் இரவும் பகலும் கூவுகின்றான், நண்பர் அகன்றுவிட்டனர், பதில் இல்லை, எபிரேய மூலத்திலே அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. இதனைத் தொகுத்தோர் இறுதியிலே ஒரு வரி நம்பிக்கையைச் சேர்த்திருக்கலாம், அவர்கள் சேர்க்கவில்லை. பின்வந்தோரும் நீக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திருப்புகழ்மாலையிலே வெள்ளிக்கிழமை தோறும் உறங்குவதற்கு முன் சொல்லப்படும் இரவுச் செபத்துக்கு உரியதாக அதுவே வைக்கப்பட்டுள்ளது.